பெரியப்பாவின் கட்டைவிரல்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஃப்ரிட்ஜைத் திறக்க வேண்டியதில்லை, என் போனைத் திறந்தால் போதும். குறிப்பெழுதும் ஆப் ஒன்றில் அதற்கென்று ஒரு பலகை வைத்திருக்கிறேன். 'புதியது', 'சீக்கிரம் சாப்பிடவும்', 'முகர்ந்து பார்க்கவும்' என்று மூன்று பிரிவுகள். பாதி வெட்டிய எலுமிச்சம்பழத்துக்குக்கூட ஒரு அட்டை உண்டு. வயதாக ஆக அது இடமிருந்து வலமாக நகரும். தான் எந்தப் பிரிவில் இருப்பதாக என் கணவர் ஒருநாள் கேட்டார். மூன்றாவது என்றேன். கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மனிதர், பகல் முழுக்க அடுத்தவர் பார்வையைச் சோதிக்கிறவர், அன்று என்னைப் பார்த்த பார்வையைச் சோதிக்க எந்தக் கருவியும் இல்லை.

இந்த வியாதி ஆபீஸில் தொற்றியது. நான் வேலை பார்ப்பது லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியில். எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் எந்த மாடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது, எந்த மெக்கானிக் போயிருக்கிறார், உள்ளே ஆள் இருக்கிறாரா இல்லையா, எல்லாமே அட்டைகளாக என் முன்னால் நிற்கும். நான் நகர்த்துவேன். ஒருவர் மாட்டிக்கொண்ட இடத்திலிருந்து வெளியே வந்ததும் அவர் அட்டையை 'முடிந்தது' பிரிவுக்கு இழுத்துவிடுகிற சுகம் இருக்கிறதே, அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அந்தச் சுகத்தை வீட்டிலும் தேட ஆரம்பித்தேன், அவ்வளவுதான்.

மாமா போன் செய்தது இந்தச் சுகத்தின் உச்சத்தில் நான் இருந்தபோது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. அவர் மகளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளையின் ஊரில். காலையில் கிளம்பினால் சாயங்காலம்தான் போய்ச் சேர முடியும். மாமாவும் அத்தையும் முன்கூட்டியே போய்விடுவார்கள். மற்ற சொந்தபந்தம் எல்லாம் ஒரே வேனில் வர வேண்டும்.

போன தடவை இதே கூட்டம் வேனில் போனது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. யார் ஜன்னல் ஓரம், யார் யார் பக்கத்தில் என்று கிளம்பிய சண்டையில் டிரைவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு ஒரு மரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டார். அன்று எங்கள் குடும்பம் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் அவரைப் போய்க் கெஞ்சியதுதான். இந்தத் தடவையும் அதே டிரைவர். உட்காரும் இடத்தை முன்கூட்டியே முடிவு செய்து தனக்கும் அனுப்பிவைத்தால்தான் வண்டியை எடுப்பேன் என்று கண்டிஷன் போட்டிருந்தார்.

"நீதான் ஆபீஸ்ல எதையாவது அங்கயும் இங்கயும் நகர்த்திச் சம்பளம் வாங்குறியே. எங்களையும் கொஞ்சம் நகர்த்தி வை" என்றார் மாமா.

இப்படி ஒரு வேலையைத் தலையில் கட்டினால் வேறு யாராவது முணுமுணுத்திருப்பார்கள். எனக்கு வாயெல்லாம் பல்.

முதலில் ஒரு அட்டவணை போட்டேன். ஆளுக்கு ஒரு வரி. எங்கே ஏறுவார், முழங்கால் வலி உண்டா, வாந்தி உண்டா, குறட்டை உண்டா, எத்தனை முறை வண்டியை நிறுத்தச் சொல்வார். அதற்கப்புறம், யாரோடு ஆகாது, ஏன் ஆகாது. இந்தக் கடைசி இரண்டுக்கும் நான் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எந்த விருந்தில் யார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், எதைப் பற்றிப் பேச்சை எடுக்கக் கூடாது என்று பல வருஷத்துக் குறிப்புகள் என் போனில் சிதறிக் கிடந்தன. அவற்றைப் பொறுக்கியெடுத்து உரிய இடத்தில் போட்டபோது, எங்கள் குடும்பமே முதல்முறையாக ஒழுங்காகத் தெரிந்தது. அப்புறம் அதே அட்டவணையைப் பலகையாக மாற்றினேன். வேனின் வரிசைகள் பிரிவுகளாகின. ஆட்கள் அட்டைகளாகி அந்தந்த வரிசைக்குக் கீழே போய் நின்றார்கள். ஒரு அட்டையை இரண்டாவது வரிசையிலிருந்து மூன்றாவதற்கு இழுத்தால், அந்த ஆளின் இடம் அட்டவணையிலும் தானாக மாறிவிடும். டிரைவருக்கும் ஓர் அட்டை போட்டேன். அவரை விட்டுவிட்டால் மறுபடி மரத்தடிக்குப் போய்விடுவாரோ என்ற பயம்தான்.

எல்லாரையும் ஒருவழியாக உட்காரவைத்துவிட்டேன். உட்காரவைக்க முடியாதவர்கள் இரண்டே பேர். அம்மாவும் சித்தியும்.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. என் பள்ளிக்கூட லீவெல்லாம் சித்தி வீட்டில்தான். எனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்ததும் சித்தி, நான் விழுந்ததை அம்மாவிடம் சொல்லாமல் மறைத்ததும் சித்தி. அப்படிப்பட்ட அக்காவும் தங்கையும் நாலு வருஷமாகப் பேசுவதில்லை. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். தரை டைல்ஸ்.

சித்தி புது வீடு கட்டியபோது எல்லாரையும் கூப்பிட்டுச் சுற்றிக்காட்டினாள். ஹாலில் பளபளவென்று வெள்ளை டைல்ஸ். அம்மா குனிந்து பார்த்துவிட்டு, புது அக்கம்பக்கத்தார் அத்தனை பேர் முன்னாலும், "அப்படியே ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்றாள். சித்தியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அப்படியென்றால் இனி நோயாளிகள் மட்டும் இந்த வீட்டுக்கு வந்தால் போதும் என்றாள். அம்மா பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவள்தான்.

அம்மா வாழ்நாள் முழுக்க நர்ஸாக இருந்தவள். அவளுக்கு ஆஸ்பத்திரியைவிட உயர்ந்த இடம் உலகத்தில் கிடையாது. அவள் சொன்னது பாராட்டு. இது எனக்குத் தெரியும், சித்திக்கும் கட்டாயம் தெரியும். அம்மா அதை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். ஆனால் கூடப் பிறந்தவளுக்கு விளக்கவுரை வேறு சொல்ல வேண்டுமா என்பது அம்மாவின் கட்சி. பெரியவள் ஒரு வார்த்தை இறங்கி வந்தால் என்ன என்பது சித்தியின் கட்சி. இரண்டு கட்சியும் நாலு வருஷமாகப் பிரசாரம் செய்தது என் காதுகளில்.

இப்போது அதற்கும் முடிவு வந்திருந்தது, நல்ல முடிவு இல்லை. சித்தப்பா போனபிறகு அந்த வீட்டில் தனியாக இருக்கும் சித்தியை, வெளிநாட்டில் இருக்கும் மகன் தன்னோடு வரச் சொல்லிவிட்டான். வீட்டை வாங்க ஆள் பார்த்தாகிவிட்டது. கல்யாணம் முடிந்த அடுத்த மாதம் சித்தி விமானம் ஏறுகிறாள். அப்புறம் எப்போது பார்ப்போமோ. இந்த ஒரு பயணத்தில் அவர்கள் பேசாவிட்டால் இனிமேல் பேசப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்தது.

அதற்காக என்ன செய்தேன்? அம்மாவை முதல் வரிசையிலும் சித்தியைக் கடைசி வரிசையிலும் போட்டேன். இருவருக்கும் நடுவில் மொத்தக் குடும்பத்தையும் மணல் மூட்டை மாதிரி அடுக்கினேன். இது எனக்கே கேவலமாக இருந்தது. சித்தியின் அட்டையைத் திறந்து, கட்டங்களுக்கெல்லாம் கீழே, யாரும் இறங்கி வராத வெற்றிடத்தில், "அம்மா பக்கத்தில் உட்காரவைக்க ஆசை. தைரியம் இல்லை" என்று எழுதினேன். எழுதியதும் மனசு லேசானது. அட்டையை மூடினேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் டிரைவரையும் சேர்த்துவிட்டு, பலகையின் லிங்க்கைப் போட்டேன். எங்கே ஏறுவீர்கள் என்று அவரவரே நிரப்பட்டும் என்று, மாற்றும் உரிமையையும் தாராளமாகக் கொடுத்தேன்.

நான் செய்த முட்டாள்தனம் இங்கேதான். வரிசைகளும் பெயர்களும் இருக்கிற பலகையை மட்டும் அனுப்புவதாக நினைத்தேன். பலகை வேறு, அட்டவணை வேறு இல்லை. ஒரே சாமானை இரண்டு ஜன்னல் வழியாகப் பார்க்கிற விஷயம்தான். பலகையில் தன் அட்டையைத் தொட்டால் போதும், முழங்காலிலிருந்து குறட்டை வரைக்கும் எல்லாம் விரியும். இதை ஆபீஸில் புதிதாகச் சேர்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். லிஃப்ட்டுகளுக்கு மனஸ்தாபம் கிடையாது, அதனால் அங்கே இது ஒரு பிரச்சினையானதில்லை.

முதல் குரல் பெரியம்மாவுடையது. மூன்று சகோதரிகளில் மூத்தவள். 'ஐந்து முறை நிறுத்தச் சொல்வார்' என்று போட்டிருப்பது அபாண்டம், போன தடவை மூன்றே முறைதான், அதில் ஒன்று டிரைவருக்காகக் கேட்டது என்று குழுவில் எழுதியிருந்தாள். அதைப் படித்ததும்தான் நான் எதை அனுப்பியிருக்கிறேன் என்று புரிந்தது. லிங்க்கை மூடலாம் என்று போனை எடுப்பதற்குள், எங்கோ ஒரு லிஃப்ட் ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட, மேலாளர் என்னை மீட்டிங்குக்குக் கூப்பிட்டுவிட்டார்.

திரும்பி வந்து பார்த்தபோது நான் எதிர்பார்த்த கொலைவெறி அங்கே இல்லை. அதைவிட மோசமானது இருந்தது. எல்லாரும் திருத்திக்கொண்டிருந்தார்கள்.

பெரியம்மாவின் மருமகள், எனக்கு அண்ணி, தன் வரியில் 'யாரோடு ஆகாது' என்ற இடத்தில் நான் போட்டிருந்த 'மாமியார்' என்பதை அழித்து, 'யாரோடும் பிரச்சினை இல்லை' என்று நாசூக்காக மாற்றியிருந்தாள். பெரியம்மா அதை மறுபடி 'மாமியார்' ஆக்கியிருந்தாள். ஒருவர் தன் கோபத்துக்கான காரணம் ஒரு வரியில் அடங்காது என்று மூன்று பத்தி எழுதியிருந்தார். இன்னொருவர், தன்னை 'எல்லாரோடும் ஆகும்' என்று போட்டது தன்னை லேசாக எடைபோட்டதாகும் என்று வருத்தப்பட்டு, இரண்டு விரோதிகளைப் புதிதாகச் சேர்த்திருந்தார். 'என் பதில்' என்று ஒரு கட்டமே புதிதாக முளைத்திருந்தது.

என் வரியையும் யாரும் விட்டுவைக்கவில்லை. நான் காலியாக விட்டிருந்த 'ஏன் ஆகாது' கட்டத்தில் அண்ணி, "எல்லார் குறையையும் எழுதுவாள், தன் குறையை மட்டும் எழுத மறந்துவிடுவாள்" என்று நிரப்பியிருந்தாள். அதற்குக் கீழே, "தூக்கத்தில் யாரையோ மூன்றாம் மாடிக்குப் போகச் சொல்கிறாள்" என்று இருந்தது. அது யார் கைவரிசை என்று விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்குப் போய் அவர் அட்டையைக் கவனித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

குறட்டை, வாந்தி, விரோதம் எல்லாவற்றையும் ஒரேயடியாக அழித்தேன். சித்தியின் அட்டைக்கு அடியில் எழுதிய வரியையும் அழிக்கத்தான் போனேன். அதற்குள், நடுமாடியில் மாட்டிக்கொண்டவருக்கு ரத்த அழுத்தம் என்று போன் வந்தது. அப்புறம் அது என் நினைவிலேயே இல்லை.

அன்று சாயங்காலம் குழுவில் டிரைவரின் செய்தி வந்தது. "மேடம், என்னைக் கடைசி வரிசைல போட்டிருக்கீங்க. அங்கிருந்து ஓட்டுறது கொஞ்சம் கஷ்டம்."

பலகையைத் திறந்தேன். டிரைவர் உண்மையிலேயே கடைசி வரிசையில் இருந்தார். முதல் வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்த அப்பா நாலாவது வரிசைக்குப் போயிருந்தார். அம்மாவுக்குப் பக்கத்தில், நான் மணல் மூட்டை அடுக்கிக் காப்பாற்றிய அந்த இடத்தில், சித்தி நின்றுகொண்டிருந்தாள்.

யார் எதை எப்போது மாற்றினார்கள் என்று ஆப் ஒரு சரித்திரம் வைத்திருக்கும். அதில் போய்ப் பார்த்தேன். மூன்று நகர்த்தல்களும் பெரியப்பாவின் போனிலிருந்து, அடுத்தடுத்து. பெரியப்பா ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்றவர். யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. பலகையைப் பக்கவாட்டில் தள்ளித் தள்ளி ஒவ்வொரு வரிசையாகப் பரிசோதித்திருக்கிறார். அவருடைய கட்டைவிரல் ஒரு சின்ன வாழைப்பழத்தின் கனம். அது பலகையைத் தள்ளுவதற்குப் பதில் அட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறது. பாவம், அவருக்குத் தெரிந்திருக்கக்கூட வாய்ப்பில்லை.

டிரைவரை முதலில் காப்பாற்றி முன்னால் கொண்டுவந்து சேர்த்தேன். அடுத்து சித்தியின் அட்டையில் விரலை வைத்தபோது அம்மாவின் போன் வந்தது. எதெதையோ பேசினாள். கல்யாணத்துக்கு எந்தப் புடவை, வெயில் எப்படி இருக்கும், வழியில் நல்ல கழிப்பறை இருக்குமா. கடைசியில், போனை வைக்கப்போகிற மாதிரி இழுத்து, "அவளே வந்து என் பக்கத்துல உட்கார்ந்திருக்கா போல" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள், "இருக்கட்டும், நீ எதையும் மாத்தாத" என்று வைத்துவிட்டாள்.

அடுத்து சித்தி. "உங்கம்மா என்னைத் தூக்கித் தன் பக்கத்துல வச்சிருக்கா, பார்த்தியா? நாலு வருஷம் ஆச்சு அவளுக்கு. சரி, பெரியவ, அவளே இறங்கி வந்தப்புறம் நான் என்ன பிகு பண்றது?" குரல் கரகரத்தது. அப்புறம், தனக்கு இப்போது முழங்கால் வலி இல்லை, முதல் வரிசைப் படியில் சுலபமாக ஏறிவிடுவேன் என்று சம்பந்தமில்லாமல் ஏதோ சொன்னாள்.

சித்தியின் அட்டையிலிருந்து விரலை எடுத்தேன். உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்தான். சொன்னால் என்ன ஆகும்? அம்மா அவளாக வரவில்லையா என்பாள், சித்தி அவளாகக் கூப்பிடவில்லையா என்பாள், இரண்டு கட்சியும் மறுபடி என் காதில் பிரசாரம் தொடங்கும். ஒரு கட்டைவிரல் சும்மா செய்ததை நான் உண்மை என்ற பெயரில் கெடுப்பானேன் என்று தோன்றியது. கணவரிடம் மட்டும் சொன்னேன். அவர் ஒரு கண்ணாடியை ஊதித் துடைத்தபடியே, "குட்டு உடைஞ்சா நீதான் கடைசி வரிசை" என்றார்.

அப்பா மட்டும் எதுவுமே கேட்கவில்லை. தான் அம்மாவின் பக்கத்திலிருந்து நாலாவது வரிசை ஜன்னலுக்கு மாறியதை அவர் பார்த்திருக்கிறார். வாயைத் திறந்தால் பழைய இடத்துக்கே அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து மூச்சுக் காட்டாமல் இருந்திருக்கிறார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் வேன் கிளம்பியது. ஆச்சரியம், ஒரு சண்டை இல்லை. தங்கள் கையாலேயே திருத்திய பலகை என்பதால் அவரவர் இடத்தில் அவரவர் சமர்த்தாக ஏறி உட்கார்ந்தார்கள். டிரைவர் கண்ணாடியில் எங்களைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே வண்டியை எடுத்தார். முதல் வரிசையில் அம்மா, சித்தி. நேர் பின்னால் நானும் என் கணவரும்.

"உங்கம்மாவை ஜன்னல் பக்கம் உட்காரச் சொல்லு. அவளுக்கு வாந்தி வரும்" என்றாள் சித்தி, என்னைப் பார்த்து.

"உங்க சித்தியை பையைக் கால்கிட்ட வைக்காம மேல வைக்கச் சொல்லு" என்றாள் அம்மா, என்னைப் பார்த்து.

இருவருடைய தோளும் உரசிக்கொண்டிருந்தது. நடுவில் நான் ஒலிபெருக்கியாக உட்கார்ந்திருந்தேன். ஆனால் இரண்டு முகத்திலும் ஒரு பெருந்தன்மை மினுமினுத்தது. ஜெயித்தவர்கள் தோற்றவர்களிடம் காட்டுகிற பெருந்தன்மை. ஊர் எல்லை தாண்டுவதற்குள் சித்தி பையைத் திறந்து எதையோ நீட்ட, அம்மா என்னைக் கேட்காமலே வாங்கிக்கொண்டாள். நான் என் கணவரின் கையைக் கிள்ளினேன்.

மூன்றாவது வரிசையில் பேச்சு டிரைவர் பக்கம் திரும்பியது. அவரைக் கடைசி வரிசையில் போட்ட புண்ணியவான் யார் என்று அண்ணி கிண்டலாக ஆரம்பித்தாள். நான் திரும்பிக் கண்ணால் கெஞ்சினேன். அவள் என் பக்கம் பார்க்கவே இல்லை.

பெரியப்பா அசடு வழிந்தார். "அது நான்தான். அந்த பலகைல விரல் பட்டாலே ஆளுங்க நகர்றாங்க. அன்னைக்கு மூணு பேரை நகர்த்திட்டேன். திருப்பி வைக்கத் தெரியல, அப்படியே விட்டுட்டேன்."

"மூணு பேரா? டிரைவர், அப்புறம்?" என்றாள் பெரியம்மா.

"சின்னவளோட அட்டை ஒண்ணு. நடுவுல பொறந்தவளோட வீட்டுக்காரர் ஒண்ணு." கடைசியில் உட்கார வேண்டியவளை முன்னால் கொண்டுவந்துவிட்டேனே, மன்னிச்சுக்கோம்மா என்று சித்தியைப் பார்த்து வேறு சொன்னார். உண்மை பேசுகிறவர்களை வேனில் ஏற்றக் கூடாது என்று அட்டவணையில் ஒரு கட்டம் போட்டிருக்கலாம்.

முதல் வரிசை உறைந்துபோனது. அம்மாவின் பின்னந்தலையையும் சித்தியின் பின்னந்தலையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சித்தி மெதுவாகக் குனிந்து பையை எடுத்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. என் திருட்டுத்தனத்துக்கு எனக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் கிடைக்கட்டும், இவள் மட்டும் கடைசி வரிசைக்குப் போய்விடக் கூடாது என்று இருந்தது. போனால் அங்கிருந்து நேராக வெளிநாடுதான்.

அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். "வண்டி ஓடுறப்ப எழுந்திருக்காத. விழுந்து வைப்ப."

சித்தி எழுந்திருக்கவில்லை. பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நான் ஒண்ணும் எழுந்திருக்கல. அட்டை நகர்ந்ததுக்காக நான் வரல. அடியில நீ எழுதியிருந்ததைப் படிச்சிட்டுத்தான் வந்தேன்."

அம்மாவின் காது சிவந்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. போனை எடுத்து சித்தியின் அட்டையைத் திறந்தேன். அழித்துவிட்ட கட்டங்களின் வெறுமையைத் தாண்டிக் கீழே இறங்கினேன். நான் எழுதியது அப்படியே இருந்தது. அம்மா பக்கத்தில் உட்காரவைக்க ஆசை. தைரியம் இல்லை.

அதற்குக் கீழே அம்மாவின் போனிலிருந்து ஒரே ஒரு வரி. "எனக்கும் அதேதான்."

சரித்திரத்தில் பார்த்தேன். பெரியப்பாவின் கட்டைவிரலுக்கு முன்னால் எழுதியது. எல்லாரும் தங்கள் குறட்டைக்காகப் போராடிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், என் அம்மா தன் அட்டையைத் திறக்காமல் தங்கையின் அட்டையைத் திறந்து, யாரும் போகாத அடிவரை போயிருக்கிறாள். எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. என் கணவர், கண்ணாடி துடைக்கிற துணியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

அப்புறம் சித்தி, யாரிடமும் இல்லாத மாதிரி, "வீட்டை வாங்குறவர் யாருன்னு தெரியுமா?" என்றாள்.

"யாரு?" என்றாள் அம்மா. நாலு வருஷத்தில் தங்கையிடம் அவள் கேட்ட முதல் கேள்வி.

"பல் டாக்டர்." சித்தி ஒரு நொடி நிறுத்தினாள். "கிளினிக் வைக்கப்போறாராம். ஹாலுக்குள்ள வந்தாரு, தரையைப் பார்த்தாரு, விலைகூடக் கேக்காம முடிச்சுட்டாரு."

அம்மாவின் தோள் குலுங்கியது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சித்தியும் சிரிக்க ஆரம்பித்தாள். வாந்திக்கு வைத்திருந்த பையை அம்மா வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள். டிரைவர் பயந்துபோய் வண்டியை நிறுத்தட்டுமா என்று கேட்டார். "ஆஸ்பத்திரின்னு சொன்னது பாராட்டுடி" என்று அம்மா மூச்சு வாங்கச் சொன்னாள். "தெரியும், தெரியும், அத அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருந்தா என்ன?" என்று சித்தி அவள் தொடையில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

அதன்பிறகு அவர்கள் வாய் ஓயவில்லை. நாலு வருஷத்துப் பேச்சு பாக்கி இருந்தது. யாருக்கு என்ன ஆபரேஷன், யார் மகன் எங்கே, கல்யாணப் பெண்ணுக்கு மூக்கு யார் ஜாடை, எந்த டாக்டர் எந்த நர்ஸை என்ன சொன்னார். சாப்பாட்டுக்கு நிறுத்தினால் சாப்பாட்டில் பேசினார்கள். கழிப்பறைக்கு நிறுத்தினால் கதவுக்கு உள்ளேயிருந்து ஒருத்தியும் வெளியிலிருந்து ஒருத்தியும் பேசினார்கள். பெரியப்பாவால் தூங்க முடியவில்லை. பெரியம்மா வண்டியை நிறுத்தச் சொன்னது யார் காதிலும் விழவில்லை. ஊர் போய்ச் சேர்ந்தபோது எல்லாருக்கும் தலைவலி.

கல்யாணம் முடிந்தது. திரும்பும் பயணத்துக்கு முன்னால் குடும்பக் குழுவில் கோரிக்கைகள் குவிந்தன. எங்கள் குடும்பம் ஒருமித்து நின்றது, டிரைவரைக் கெஞ்சியதற்குப் பிறகு இதுதான் இரண்டாவது தடவை. அந்த இரண்டு பேரையும் பிரித்துப் போடு, ஒருத்தியை முன்னால் போட்டால் இன்னொருத்தியைக் கடைசியில் போடு, நடுவில் நாங்கள் கொஞ்சம் தூங்கிக்கொள்கிறோம் என்றார்கள். பெரியப்பா ஒரு படி மேலே போய், தானே பலகையைத் திறந்து நகர்த்திவிடுவதாகச் சொன்னார். இப்போது தனக்கு அந்த வித்தை கைவந்துவிட்டதாம்.

எல்லாரிடமிருந்தும் மாற்றும் உரிமையைப் பிடுங்கினேன். பலகையைப் பூட்டினேன். பூட்டிவிட்டு, முதல் வரிசையில் ஒட்டி நிற்கும் அந்த இரண்டு அட்டைகளையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த மாதம் சித்தி போய்விடுவாள். அதுவரைக்கும் யார் கட்டைவிரல் பட்டாலும் அவை நகராது.